பேரப்பிள்ளை முகங் காண்டல்

மக்கள் துய்க்கும் இன்பங்கள் பலவற்றுள்ளும், முதுமையிலே தம்மிடத்து வந்த இளம் பேரப்பிள்ளைகளோடு ஒருநாளைக் கழிக்கும் இன்பம் தனிப்பட்ட இயல்பினையுடையது. ஏனைய இன்பங்கள் முயன்று தேடப்படுவன. இது தானே படலையைத் திறந்துகொண்டு வருவது. ஏனையவை நுகர நுகரச் சலிப்பைத் தருவன. இது நாள் முடிந்தபின்னும் நெஞ்சிலே நின்று இனிப்பது. ஆயினும், இவ்வின்பத்திலே திளைத்தல் முதியோர்க்குத் தக்கதோ தகாததோ என்னும் வினாவொன்று உண்டு. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

மனுதரும நூலின் ஆறாம் அத்தியாயம், இல்வாழ்வான் வீட்டை நீங்கிக் காட்டுக்குச் செல்லுதற்குரிய காலத்தை ஆண்டுக்கணக்காற் கூறாது அடையாளங்களாற் கூறுகின்றது. உடம்பிலே திரை தோன்றுதல் ஒன்று. தலையிலே நரை தோன்றுதல் ஒன்று. தன் பிள்ளைக்குப் பிள்ளை பிறந்திருக்கக் காணுதல் ஒன்று. திரையும் நரையும் போலவே பேரப்பிள்ளையின் முகமும் ஓர் அறிவிப்பு என்பது அந்நூலின் கருத்து. உன்னுடைய முறை முடிந்தது, இனி எழுந்திரு என்று அம்முகஞ் சொல்லுகின்றது. யாமோ அம்முகத்தைக் கண்டவுடனே எழுந்திருப்பதை விடுத்து, அதனை மடியில் இருத்திக்கொண்டு முன்னிலும் நன்றாகச் சாய்ந்து உட்காருகின்றோம்.

இதனை எடுத்துக்கொண்டு ஒருசாரார் கடாவுவர். "தம் மக்களை வளர்த்துக் கரையேற்றியபின், பற்றுக்களை ஒவ்வொன்றாக விடுதற்கு அமைந்த காலமே முதுமை. அக்காலத்திலே பேரப்பிள்ளை என்று புதிய பற்றொன்றைப் பூணுதல், கடன் தீர்த்த மறுநாளே மீண்டுங் கடன்படுதலை ஒக்கும். பிள்ளைகள் வருமுன் நாளெண்ணுதலும், வந்தபின் தம்மை மறத்தலும், போனபின் அழுதலும் மயக்கத்தின் குறிகளன்றோ? அன்பையும் கட்டுங் கயிற்றையும் பாசம் என்னும் ஒரு சொல்லாலேயே நாம் வழங்குதல் காரணமின்றி அமைந்ததோ?" என்பர்.

இக்கடா எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. இதற்கு இலக்காகத்தக்க முதியோரை யாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம். ஆயினும், அவரிடத்துள்ள குற்றம் அவருடைய மகிழ்ச்சியினால் வந்ததோ, மகிழ்ச்சியோடு வந்து கலந்த பிறிதொன்றினால் வந்ததோ என்று பிரித்தறிதல் வேண்டும். பாலிலே நீர் கலந்திருந்தாற் பாலைப் பழித்தல் முறையன்று. ஆதலின், இவ்வின்பத்தின் தன்மை இதுவென முதலிலே காண்பாம்.

பெற்றோருடைய அன்பு கடமையோடு கலந்தது. தாய் பிள்ளைக்குச் சோறூட்டும்போதே, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகின்றதென்று எண்ணுகின்றாள். தந்தை மகனுடைய எழுத்தைப் பார்க்கும்போதே, இவன் எப்படிப் பிழைப்பானோ என்று அஞ்சுகின்றான். அவர்கள் காண்பது இன்றைய பிள்ளையை மாத்திரமன்று. இருபதாண்டு கழித்து வரப்போகும் மனிதனையுங் கூடவே காண்கின்றார்கள். அது குற்றமன்று, அங்ஙனங் காண்பார் இல்லையாயின் பிள்ளை செவ்வனே வளராது. பாட்டனோ அக்கவலையை ஒருமுறை முற்றச் சுமந்து இறக்கிவைத்தவன். தான் அஞ்சியவற்றுட் பல நிகழாமற் போனமையையும், அஞ்சாதவற்றுட் சில நிகழ்ந்தமையையும் கண்டவன். ஆதலின் அவன் பிள்ளையிடத்திலே வருங்காலத்தைத் தேடாது, முன்னே நிற்கும் பிள்ளையையே பார்க்கின்றான். விதைக்கின்றவன் வானத்தை நோக்குவான். விளைந்த வயலின் வரம்பிலே நிற்பவன் கதிரை நோக்குவான்.

இக்கால இயற்கை நூலாரும் இதற்குச் சான்றாவன சில கண்டிருக்கின்றனர். ஆபிரிக்காவிலே தன்சானியா தேசத்தில் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் ஹட்சா என்னும் மக்களிடையே கிறிஸ்தன் ஹாக்ஸ் என்னும் அம்மையாரும் அவருடைய துணைவரும் ஆராய்ந்து, தாயானவள் புதிய குழந்தைக்குப் பாலூட்டுங் காலத்திலே முன்பிறந்த பிள்ளைகள் உடல் தேறுதற்குப் பாட்டியினுடைய கிழங்கு அகழும் உழைப்பே பெருந்துணையாதலை 1997 ஆம் ஆண்டிலே வெளியிட்டனர். மகப்பேற்றுக் காலங் கழிந்தபின்னும் பெண்கள் நெடுநாள் வாழ்தல் மனிதரிடத்தும் திமிங்கில வகைகள் சிலவற்றினிடத்துமே பெரிதுங் காணப்படுவது. அதற்குப் பாட்டியின் உதவியே காரணமாகலாம் என்பது அவர் கொள்கை. பின்னர், 2021 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் எமரிப் பல்கலைக்கழகத்தார் 50 பாட்டியருக்கு அவரவர் பேரப்பிள்ளையின் படத்தைக் காட்டி, அப்போது அவர்களுடைய மூளையிலே நிகழ்வதைக் கருவி கொண்டு நோக்கினர். பேரப்பிள்ளையைக் கண்டபோது, பிறர் உணர்வைத் தாமும் உடனுணர்தற்குரிய இடங்கள் கிளர்ந்தன. வளர்ந்த தம் மகனையோ மகளையோ கண்டபோது, அவர் என்ன நினைக்கின்றார் என்று அறிய முயலுதற்குரிய இடங்களே மிகுதியுங் கிளர்ந்தன. மகனை அறிய முயல்கின்றாள். பேரனோடு உடன் சிரிக்கின்றாள். இவ்வேற்றுமையைக் கருவியின்றியே எம்மூர்ப் பாட்டியர் அறிவர்.

இயற்கையாயுள்ளது என்பதனாலேயே ஒன்று தக்கதாகிவிடாது, சினமும் இயற்கையே. ஆகவே, இவ்வின்பம் எவ்வாறு நிகழ்கின்றது என்பதை ஒருநாளின் நிகழ்ச்சியிலே வைத்து நோக்குவாம்.

கனடா தேசத்து ரொறன்ரோ நகரிலிருந்து, ஆகஸ்டு மாத விடுமுறைக்கு, ஐந்து வயதுப் பிள்ளையொன்று யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றுக்கு வந்திருக்கின்றது எனக் கொள்வாம். அம்மாதத்தில் ஈரிடத்து நேரங்களுக்கும் ஒன்பதரை மணித்தியால வேற்றுமையுண்டு. இங்கே விடியற்புறம் 3 மணியாகும்போது, அப்பிள்ளையின் உடம்புக்கு முன்னாள் மாலை 5.30 மணி, அது விளையாடும் வேளை. தாய் தந்தையர் வழிக்களைப்பினால் அயர்ந்து தூங்குவர். அவ்வீட்டிலே விழித்திருப்போர் இருவரே: உறக்கம் வாராத பிள்ளை ஒன்று, முதுமையினால் உறக்கங் குறைந்த பாட்டனார் ஒருவர். இருவரும் விறாந்தையிலே வந்து அமர்வர். ஒருவர் வாழ்வின் தொடக்கத்திலும் மற்றவர் இறுதியிலும் நிற்க, நடுவேயுள்ளோர் தூங்கும் அந்த இருட்பொழுதிலே, சேவல் கூவுதலையும், தூரத்துக் கோயில் மணியோசையையும் இருவரும் ஒருங்கு கேட்பர்.

விடிந்தபின் கிணற்றடி. வாளியிலே நீர் வருதலை அப்பிள்ளை வியப்போடு நோக்கும். குழாயைத் திறந்தால் நீர் வரும் என்று மாத்திரம் அறிந்த பிள்ளைக்கு, நீர் நிலத்தின் கீழே இருக்கின்றது என்பது புதிய செய்தி. பின்பு வேலியோரத்துப் பூவரசின் இலையைச் சுருட்டிக் குழலாக்கிப் பாட்டனார் ஊதிக் காட்டுவர். பிள்ளை இருபது முறை ஊதியும் ஒலி வாராது, இருபத்தோராம் முறை வரும், அதன்பின் நிறுத்துவாரில்லை. அடுக்களையிலே பாட்டியார் பனம்பழத்தைப் பிசைந்து களியெடுத்து, மாவுஞ் சர்க்கரையுங் கூட்டிப் பணியாரஞ் சுடுவர். பிள்ளையின் கையும் வாயும் மஞ்சளாகும். மாலையிலே கோயிலுக்குப் போகும்போது, பத்து நிமிட வழியை ஒரு மணித்தியாலத்திலே கடப்பர். பாட்டனுக்கு முழங்கால் நோவு, பிள்ளைக்கு வழியிலே எறும்பின் வரிசை, இருவருக்கும் விரைவில்லை.

இந்நாளிலே முடிந்த காரியம் யாதெனின், ஒன்றுமில்லை. எழுதிவைக்கத்தக்க பயன் யாதும் இல்லை. ஆயினும் அங்கே இருந்த இருவரும், தாம் இருந்த இடத்திலே, தாம் இருந்த பொழுதிலே முற்ற இருந்தனர். பொருளுக்காகவன்று, புகழுக்காகவன்று, கைம்மாறு கருதியுமன்று ஒருவரோடொருவர் இருந்தனர். முதியோன் அப்பிள்ளையின் உழைப்பை உண்ணப் போவதில்லை. அது வளர்ந்து பெறும் பட்டத்தையும் ஒருவேளை காணப்போவதில்லை. பயன் கொள்ளுதற்கு இடமின்றி அமைந்த அன்பு இதுவாதலின், இதனைக் கட்டுங் கயிறு என்பது எங்ஙனம் பொருந்தும்? கயிற்றுக்கு இரண்டு முனையும் இறுகப் பிடிக்கப்படல் வேண்டும். இங்கே ஒரு முனையைப் பிடிப்பார் இல்லை.

இத்தகைய நாளின் அருமையை எம் நாட்டார் நன்கறிவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம் எம்மவர் மலாயா நாட்டுக்குப் புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்க்கச் சென்றபோது, அவர் மக்களை ஊரிலுள்ள முதியோர் ஆண்டுகள் பல கழித்தே கண்டனர். 1905 ஆம் ஆண்டிலே கொழும்புக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே புகையிரதப் பாதை முற்றுப்பெற்றபின் வரவு எளிதாயிற்று. 1983 ஆம் ஆண்டின் பின்னர் எம்மவர் கனடா, இங்கிலாந்து, பிரான்சு, சுவிற்சர்லாந்து, நோர்வே, அவுஸ்திரேலியா முதலிய தேசங்களுக்குச் சிதறினர். 1990 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் வருதல் நின்றது. 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலேதான் அது மீண்டும் வந்தது. அவ்விருபத்துநான்கு ஆண்டுகளுக்குள்ளே, பேரப்பிள்ளையின் முகத்தை நிழற்படத்தில் மாத்திரங் கண்டு கண்மூடிய முதியோர் பலர். இன்று கைத்தொலைபேசித் திரையிலே நாடோறும் முகத்தைக் காணலாம், மழலையைக் கேட்கலாம். எனினும், திருவள்ளுவனார் மக்கட்பேறு என்னும் அதிகாரத்திலே, மக்களால் உடம்புக்கு வரும் இன்பத்தையும் செவிக்கு வரும் இன்பத்தையும் வேறுவேறாக எண்ணினமை காண்க. திரை செவிக்கு உதவும், மடிக்கு உதவாது. ஆகவே நேரிலே கிடைக்கும் நாட்கள் சில. சிலவாயுள்ளவற்றை எவ்வாறு செலவிடுதல் என்பதே இங்கே அறம்.

இனி, பாலிலே கலக்கும் நீர் யாதென நோக்குவாம். அது மூன்று வகைப்படும்.

முதலாவது, பிள்ளையைப் பரீட்சித்தல். வந்த பிள்ளை படலைக்குள்ளே கால்வைத்தவுடன், "தமிழ் பேசத் தெரியுமோ? எங்கே, ஒரு பாட்டுப் படி" என்று கேட்போர் பலர். பிள்ளை விழிக்கும், தாய் தலைகுனிவாள், முதியோர் பெருமூச்செறிந்து, எல்லாம் போயிற்று என்பர். மொழி இழக்கப்படுதல் வருந்தத்தக்கது என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் அதற்கு விடையிறுக்க வேண்டியது ஐந்து வயதுப் பிள்ளையன்று. ஆசிரியத் தொழிலிலே பல்லாண்டு நின்ற யாம் துணிந்து கூறுவது ஒன்றுண்டு: பரீட்சையினால் எந்தப் பிள்ளையும் எந்த மொழியையும் விரும்பியதில்லை. கையிலே பொருள் இருக்கும்போது சொல் தானே வாய்க்கு வரும். வாளியைப் பிடித்த பிள்ளை வாளி என்னுஞ் சொல்லைக் கேட்டறியும். பணியாரத்தைத் தின்ற பிள்ளை, இன்னொன்று வேண்டுதற்காகவாயினும் பணியாரம் என்று சொல்லும். "மோனை, இங்கே வா" என்று பத்துமுறை அன்போடு அழைக்கப்பட்ட பிள்ளை பதினோராம் முறை அழைப்பதன் முன்னரே வரும். அந்நாள் முழுதும் ஐந்து சொற்களே கற்றதாயினும், அவை ஐந்தும் அன்போடு கற்ற சொற்களாம், அவை மறக்கப்படா.

இரண்டாவது, பெற்றோருடைய ஆணையைக் குலைத்தல். பிரான்சு தேசத்துப் பெரும்புலவராகிய விக்தர் ஹியூகோ என்பார், 1877 ஆம் ஆண்டிலே, தம் எழுபத்தைந்தாம் வயதில், பாட்டனாயிருத்தலையே பொருளாகக் கொண்டு ஒரு பாட்டுநூல் வெளியிட்டனர். அவருடைய மகன் 1871 ஆம் ஆண்டில் இறக்க, அம்மகனுடைய மக்களாகிய சோர்சு, சான் என்னும் இருவரும் அவருக்கு முதுமையிலே துணையாயினர். அந்நூலில் ஓரிடத்தில், குற்றஞ்செய்து இருட்டறையிலே வெறும் ரொட்டியோடு இருத்தப்பட்ட சான் என்னுஞ் சிறுமிக்குப் பாட்டனார் ஒளித்துப் பழப்பாகு கொண்டுபோய்க் கொடுக்கின்றார். வீட்டார் அவரைக் கண்டித்து, நீரே வீட்டொழுங்கைக் கெடுக்கின்றீர் என்கின்றனர். அவர் அதனை ஒப்புக்கொண்டு, அங்ஙனமாயின் என்னையும் வெறும் ரொட்டியில் இருத்துக என்கின்றார். அப்போது அச்சிறுமி, நான் உமக்குப் பாகு கொண்டுவந்து தருவேன் என்று அவர் செவியிலே சொல்லுகின்றாள். படிப்பார் நெஞ்சை இஃது உருக்கும். எனினும் நோக்கவேண்டுவது, அப்பாட்டனார் வீட்டார் கூற்றைப் பொய்யென்று மறுத்திலர் என்பது. பாகு கொடுத்தல் பாட்டனுக்கு இயல்பு. தண்டித்த தாயைப் பிள்ளையின்முன் தாழ்த்துதல் இயல்பன்று. ஒருநாள் இருப்பவன் கொடுத்த சலுகையை, ஆண்டு முழுதும் இருப்பவள் சுமக்க வேண்டும். நீ பொல்லாதவள், பிள்ளையை வாட்டுகின்றாய் என்று மகளைக் கடிந்து பேரனிடத்து நல்லவராகும் பாட்டியார், மகளிடமிருந்து எடுத்து மகனுக்குக் கொடுக்கின்றார், தம்முடையதைக் கொடுக்கின்றாரல்லர்.

மூன்றாவது, அன்பை விலைபேசுதல். "என்னிலோ அந்த அம்மம்மாவிலோ உனக்குக் கூட விருப்பம்?" என்னும் வினா எம்மூரிலே விளையாட்டாகக் கேட்கப்படுவது. பிள்ளைக்கு அது விளையாட்டன்று. ஒருவரை மகிழ்விக்க மற்றொருவரைக் கைவிடும் பாடத்தை அது அங்கே கற்கின்றது. போகும் வேளையிலே, நீ மறுமுறை வரும்போது நான் இருக்கமாட்டேன் என்று பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதலும் இவ்வகையினதே. சொல்லியது உண்மையாகலாம். எனினும் அவ்வுண்மையைச் சுமத்தற்குரிய தோள் அதுவன்று. இம்மூன்றும் நோக்குமிடத்து ஒன்றேயாம். பிள்ளையினிடத்திலிருந்து ஒன்றைப் பெற விரும்புதலே அது: தேர்ச்சியை, வெற்றியை, வாக்குறுதியைப் பெற விரும்புதல். கயிறு என்று கடாவியவர் கண்டது இதனையே. அதனைக் கண்டது சரி; அதனையே முழுமையென்று கொண்டது பிழை.

ஈண்டு வேறொரு வகையாரையும் நினைத்தல் வேண்டும. ஒருநாளைக்கன்று, ஒவ்வொருநாளும் பேரப்பிள்ளையை வளர்க்கும் முதியோர் இந்நாட்டிலே பலர். போரிலே பெற்றோரை இழந்த பிள்ளைகளையும், தாய் மேற்காசிய நாடுகளுக்கு வீட்டுவேலைக்குச் சென்றமையால் தனித்துவிடப்பட்ட பிள்ளைகளையும் வளர்த்தவரும் வளர்ப்பவரும் அவர். அவர்களுக்குப் பெற்றோருடைய அச்சமும் உண்டு, பாட்டியின் முழங்கால் நோவும் உண்டு. கண்டிக்கும் கையும் பாகு கொடுக்கும் கையும் அவர்க்கு ஒன்றே. யாம் கூறிய ஓய்வான இன்பத்தை அவரிடத்துத் தேடுதல் நியாயமன்று. அத்தகைய முதியோள் ஒருத்தி அயலிலே இருப்பாளாயின், தம் பேரப்பிள்ளைகளோடு மகிழும் நாளிலே அவளுடைய பிள்ளைகளையும் முற்றத்துக்கு அழைத்துப் பணியாரத்திலே பங்கு கொடுத்தல், அம்மகிழ்ச்சியைக் குறையாது பெருக்கும் அறமாகும்.

இனி, முதலிலே எடுத்துக்கொண்ட வினாவுக்கு மீள்வாம். பேரப்பிள்ளையின் முகம் பற்று விடுதற்கு அறிவிப்பு என்கின்றது நூல். எம் நெஞ்சமோ அம்முகத்திலே மகிழ்கின்றது. இவை தம்முள் மாறுபட்டனவோ எனின், மாறுபட்டன அல்ல என்க. விடுதல் என்பது வெறுத்தல் அன்று. எனது என்று பிடித்த பிடியைத் தளர்த்துதலே விடுதல். பேரப்பிள்ளையை நேசித்தல், தன்னால் ஆளப்படாத ஒன்றை நேசித்தலாம். அதற்குப் பெயரிடுவோர் பிறர். பள்ளிக்கூடந் தெரிவோர் பிறர். விமானத்துக்கு நேரமாயிற்று என்று எழுப்பிக்கொண்டு போவோரும் பிறர். இவற்றுள் ஒன்றையும் தடுக்க மாட்டாமல், தடுக்க விரும்பாமலும் இருந்துகொண்டே, முழு நெஞ்சத்தோடு மகிழ வல்லவன், காட்டுக்குப் போகாமலே காட்டிற் கற்கவேண்டியதைக் கற்றவனாவான்.

எமது மொழி வழக்கும் இதனையே காட்டுகின்றது. பெயரன் என்பது பேரன் என மருவிற்று. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள். ஏனைத் தமிழ்நாட்டார் மகவின் மகனைப் பேரன் என்பர். யாழ்ப்பாணத்து வழக்கிலோ பாட்டனாரைப் பேரன் என்றும் பாட்டியாரைப் பேத்தி என்றும் வழங்குவர். இரு முனைக்கும் பெயர் ஒன்றே. தான் உயிரோடிருக்கும்போதே தன் பெயரை வேறொருவன் முற்றத்திலே தாங்கி ஓடக் கண்டு, அது இனி என்னுடையதன்று என்று சிரிக்க வல்ல முதியோனுக்கு, வேறு எதனை விடுதல் அரிதாகும்?

ஆதலின், முதியோர்களே, விடுமுறைக்குப் பிள்ளைகள் வரும்போது தயங்காது மகிழுங்கள். கணக்கை மூடிவையுங்கள், பரீட்சையைப் பள்ளிக்கூடத்துக்கு விடுங்கள், தாய் விலக்கியதைக் கொடுக்க விரும்பினால் தாயைக் கேட்டுக் கொடுங்கள். அதிகாலை 3 மணிக்கு ஒரு சிறு கால் விறாந்தைக்கு வருமாயின், போய்ப் படு என்னாது சற்று விலகி இடங்கொடுங்கள். போகும் நாளிலே சிரித்த முகத்தோடு படலைவரை சென்று வழிவிடுங்கள். கண்ணீர் வருமாயின் வரட்டும். அது வண்டி தெருமுனை திரும்பியபின் வருக. அப்பிள்ளை கொண்டுபோவது உங்கள் துயரமாயிருத்தலாகாது; பூவரசங் குழலின் ஒலியாயிருத்தல் வேண்டும்.